பீன்ஸ் தோட்டத்தில் ஒலித்த புலியின் கல்யாண அழைப்பு

"ஏனுங்க சார், புலி அத்தன சத்தமா உறுமுதே, அதுக்கே காது வலிக்காதுங்களா?"

ஐந்தாம் வகுப்பில் ஸ்டெல்லா என்னிடம் கேட்ட கேள்வி இது.

"நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு கண்ணு" என்றேன். (பதில் தெரியாத வாத்தியார்கள் எல்லோரும் சொல்வதுதான்!)

அவள் அதை வீட்டுப்பாடமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

இன்று அவளுக்கு வேலையே புலிகளின் குரலையும் காதையும் ஆராய்வதுதான். புலிகள் வாழும் காடுகளில் மரத்தில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு வருகிறாள்.

ஒவ்வொரு புலிக்கும் குரல் வேறாம். வருகைப் பதிவு எடுக்கும்போது தலை நிமிராமலே, "உள்ளேன் ஐயா" என்ற குரலை வைத்து ஆளைச் சொல்வோமே, அதுபோல. புலியைத் தொந்தரவு செய்யாமலே அது இருப்பது தெரியும். இருப்பது தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும்!

போன வாரம் விடுமுறையில் ஏற்காடு வந்தவள், என்னைப் பார்க்க வந்தாள்.

காபி ஆறுவதற்குள் செம்மநத்தம் செல்லமுத்து வந்து நின்றான். அவனும் என் மாணவன்தான். (இந்த மலையில் கல்லை எறிந்தால் என் மாணவர் ஒருவர் மேல்தான் விழும்.)

"சார், பீன்ஸ் காய் பறிக்கிற பதத்துல நிக்குதுங்க. காட்டெருமைங்க பாதித் தோட்டத்த மிதிச்சுப் போட்டுதுங்க. மிச்சமும் போச்சுன்னா இந்த வருசம் வெள்ளாமையே இல்லைங்க."

"வேலி?"

"அத மொதல்லயே சாச்சுப் போட்டுதுங்க. அதான் போன்ல புலிச் சத்தம் ஒண்ணு பிடிச்சு, ஸ்பீக்கர்ல போட்டு, கொய்யா மரத்துல கட்டி வெச்சிருக்கேனுங்க. ஒண்ணும் ஓடுல. ஒரு எருமை அந்த மரத்துலயே முதுகு தேய்க்குதுங்க!"

ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அண்ணா, அதைப் போடுங்க, கேப்போம்."

போனைத் தட்டினான். "ஆஆவ்ங்... ஆஆவ்ங்..."

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து வயதில் பின் பெஞ்சில் சிரித்த அதே சிரிப்பு!

"அண்ணா, இது மிரட்டுற சத்தம் இல்லைங்க. பொண்ணு புலி மாப்பிள்ளை தேடுற சத்தம்!"

செல்லமுத்துவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப நான் தெனமும் சாயங்காலம்..."

"கல்யாணத்துக்கு அழைச்சுட்டு இருந்திருக்கீங்க."

"ஐயோ சாமி! யாராச்சும் வந்துட்டா?"

"பயப்படாதீங்க. இந்த மலையில மாப்பிள்ளை இல்லை. இருந்தாலும் உங்க ஸ்பீக்கர்ல அந்தக் குரல் பாதிதான் வரும்" என்றாள்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தூரத்தில் திருவிழா நடந்தால் பாட்டின் வார்த்தை நம் காதுக்கு எட்டாது. மேளத்தின் "டொம் டொம்" மட்டும் வந்து சேரும். தாழ்ந்த ஒலி காடு மேடு தாண்டி வரும். புலியின் பலமும் அந்த அடிக்குரல்தான். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் மேளம் போய்விடும், பீப்பி மட்டும் மிஞ்சும்!

"அப்ப பெரிய ஸ்பீக்கர்ல நெசமான உறுமலப் போட்டுரலாமுங்களா?"

"எருமைக்கு முன்னாடி ஊர் சனம் அடிவாரத்துக்கு ஓடிரும்! வேண்டாங்க. நிறைய மிருகங்களுக்கு மனுசக் குரல்னாலே பயம். மெதுவா, அடித்தொண்டையில பேசுற ஆள் ஒருத்தர் கிடைச்சா..."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் என்றைக்காவது யாரையாவது திட்டியிருக்கிறேனா?" என்றேன்.

"அதாங்க சார் பயமே!" என்றான் செல்லமுத்து. "போர்டுல எழுதிட்டே, திரும்பாம, 'யார் அது?'ம்பீங்க. எனக்கு இப்பவும் கை தானா வாயப் பொத்திக்குதுங்க."

(இத்தனை வருடமாக அன்பான வாத்தியார் என்று என்னை நானே நினைத்திருந்தேன்!)

என் குரலைப் பதிவு செய்தோம். கோயில் மைக் செட்டிலிருந்து பெரிய பெட்டி ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தான். அன்று சாயங்காலமே நாங்கள் மூவரும் அவன் மோட்டார் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டோம்.

வெளிச்சம் மங்கும்போது வந்தன. ஐந்தாறு இருக்கும். முன்னால் வந்தது பீன்ஸ் பந்தலில் வாயை வைத்தது. செல்லமுத்து என் கையை நசுக்கினான்.

ஸ்டெல்லா பொத்தானை அழுத்தினாள்.

"யார்... அது?"

எல்லாக் காதுகளும் ஒன்றாகத் திரும்பின!

"நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

முன்னால் நின்றது "புஸ்" என்று மூச்சு விட்டது. அப்படியே திரும்பியது. மற்றவையும் வரிசையாக (ஆமாம், வரிசையாக!) காட்டுக்குள் போய்விட்டன.

நாங்கள் மூச்சு விடுவதற்குள், கொய்யா மரத்துக்குப் பின்னாலிருந்து நடுங்கும் குரல் ஒன்று:

"நான் இல்லைங்க சார்! செல்லமுத்துதானுங்க!"

பக்கத்து ஊரான வெள்ளக்கடையைச் சேர்ந்தவர். தலைமுடி நரைத்தவர். செல்லமுத்துவின் வகுப்புத் தோழர். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொய்யா பறிக்க வந்திருக்கிறார். மடியில் ஏழெட்டுக் காய்!

மறுநாள் காலையிலேயே செல்லமுத்து ஆள் கூட்டி மிச்சமிருந்த காயெல்லாம் பறித்துவிட்டான். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து பீன்ஸ் பொரியல்தான்.

ஒரே குரலைத் தினமும் போட்டால் எருமைகளுக்குப் பழகிவிடுமாம். அதனால் அடுத்த விளைச்சலுக்கு "வீட்டுப்பாடம் எங்கே?" தயாராக இருக்கிறது.

கிளம்பும்போது ஸ்டெல்லா தன் வீட்டுப்பாடத்தையும் ஒப்பித்தாள். "காதுக்குள்ள குட்டித் தசை ஒண்ணு இருக்குங்க சார். நாம கத்துறப்போ அது இறுகி, நம்ம சத்தத்த நமக்கே குறைச்சுக் குடுக்கும். புலிக்கும் அது உண்டுங்க."

"பத்துக்குப் பத்து கண்ணு" என்றேன்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள்: இரண்டு காதையும் விரலால் அடைத்து, வாயை மூடிக்கொண்டு, அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று உறுமுங்கள். உங்கள் தலைக்குள்ளேயே ஒரு புலி உறுமுவது கேட்கும்!