கேட்டால் மறுக்க மாட்டார்கள்

ஃபூசியும் நானும் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறோம். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை நான் பிடிப்பேன். மடிக்க மடிக்க அவள் பேசுவாள். ஆக்லாந்தில், மாங்கெரே பகுதியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ஆகவே எனக்குத் தெரியாத ஃபூசி என்று ஒருத்தி கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்த ஒருத்தன், ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு அவள் சம்பளத்தில் பாதி டோங்காவில் எங்கள் வவாவு தீவுக்குப் போனது. தம்பி கெலெபி அதில் வீடு கட்டினான், கல்யாணம் செய்தான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். ஃபூசி இங்கே ஒற்றை அறையில் கேத்தலோடும் வானொலியோடும் இருந்தாள்.

எங்கள் டோங்காக்காரர்களிடம் அத்தைதான் குடும்பத்துக்கு ராணி. அவள் கேட்டால் தம்பி வீட்டில் எதற்கும் இல்லை என்ற பேச்சே எழாது. அவள் தலையைப் பிள்ளைகள் தொடக்கூடாது. தம்பி பாடு இன்னும் மோசம். வயதுக்கு வந்த நாளிலிருந்து அக்கா இருக்கும் அறையில் அவன் காலை நீட்டி உட்காரமாட்டான், அவள் காதுபட ஒரு கேலிப் பேச்சு பேசமாட்டான், அவளோடு சேர்ந்து டிவி பார்க்கமாட்டான். ராணிக்கு என்ன குறைச்சல் என்று எங்கள் சபையில் சொல்வார்கள். ராணியோடு உட்கார்ந்து யார் சீட்டாடுவார்கள் என்று நான் கேட்பேன். வாயாடி என்று எனக்குப் பெயர்.

போன வருடம் ஃபூசிக்கு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. இந்தக் கிறிஸ்துமஸோடு வேலை முடிகிறது. ஊருக்குப் போய்த் தம்பி வீட்டில் இருந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு ஆசையே அவளுக்கு இல்லை. நேராகக் கேட்டுவிடேன் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"கேட்டா, வேணாம்னு சொல்ற நாக்கு அவனுக்குக் கெடையாது செய்னி," என்பாள். "நானும் போய் உக்காந்துடுவேன். அவங்களுக்கு நான் வேணுமா, இல்ல பாரமான்னு சாகுற வரைக்கும் எனக்குத் தெரியாமலே போயிடும். அவனா ஒரு தடவ வான்னு சொல்லட்டும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். கெலெபி பெண்டாட்டி சுலியானாவையும் மகள் லூபேயையும் கடைசிக் குட்டிகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, பெரிய பையன்கள் மூன்று பேரையும் ஊரிலேயே விட்டுவிட்டு ஆக்லாந்துக்கு வருகிறான் என்றதும் அவள் மடித்த விரிப்புகள் எல்லாம் கோணல்மாணலாக வந்தன. அவர்கள் தங்கியது சுலியானாவின் அண்ணன் வீட்டில். ஃபூசியின் ஒற்றை அறையில் தம்பி எப்படிப் படுப்பான்? விருந்து, சபை, உறவுக்காரர் வீடு என்று நாட்கள் ஓடின. கடைசியில் விமானத்துக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, அத்தையோடு பட்டணம் சுற்றிப் பார்ப்பது, கடைக்குப் போவது என்று முடிவானது. நான் லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. அன்று நடந்ததை எல்லாம் அன்று சாயங்காலமே ஃபூசி என் சமையலறையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இரண்டு வண்டி. காரில் கெலெபி, சுலியானா, குட்டிகள். வேனை ஓட்டியது சுலியானாவின் அண்ணன் மகன் மானாசே. வேனின் முன் இருக்கையில் பாய் விரித்து ஃபூசியை உட்கார வைத்தார்கள். லூபே பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஃபூசி அதைக் காட்டினாள், இதைக் காட்டினாள். "ஆமாங்க அத்தை, சரிங்க அத்தை" என்பதைத் தவிர வேறு பதிலில்லை. முன்னால் போன காரில் குட்டிகள் சன்னலுக்கு வெளியே கையை ஆட்டிப் பாடிக்கொண்டு போனது மட்டும் தெரிந்தது.

பட்டணத்து உயரக் கோபுரத்தில் லிஃப்டுக்கு வரிசை நின்றது. அக்காவும் தம்பியும் ஒரே லிஃப்டில் உரசிக்கொண்டு நிற்க முடியாது. எனவே முதல் தடவை ஃபூசியும் லூபேயும் மானாசேயும் ஏறினார்கள். உச்சியில் கண்ணாடித் தரை வழியாகக் கீழே தெருவைப் பார்த்ததும் ஃபூசி ஒரு அடி பின்வாங்கினாள். லூபேயின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினாள். லூபே மரியாதையாக இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாள். ஃபூசி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இவர்கள் இறங்கி வந்த பிறகு மற்றவர்கள் ஏறினார்கள். திரும்பி வரும்போது லிஃப்ட் கதவு திறப்பதற்கு முன்பே அவர்கள் சிரிப்பு வெளியே கேட்டது. கதவு திறந்து ஃபூசியைக் கண்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கடற்கரைப் புல்வெளியில் சாப்பாடு. சேம்பு இலையில் மடித்து வேகவைத்த ஆட்டுக்கறி, மரவள்ளிக்கிழங்கு, தர்ப்பூசணிச் சாறு. ஃபூசிக்கு மட்டும் மடக்கு நாற்காலி போட்டு, நல்ல துண்டாகப் பார்த்து முதலில் வைத்தார்கள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் பாயில் உட்கார்ந்தார்கள். கெலெபி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் முதுகில் சட்டை ஒரு இடத்தில் தையல் விட்டிருந்ததாம். அதை ஃபூசி இரண்டு தடவை சொன்னாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தாள். எங்கள் சூப்பர்வைசர் கழிவறைக்குள் மாட்டிக்கொண்டு ஜெபம் பண்ணிய கதை. சொன்னால் ஆஸ்பத்திரியே சிரிக்கும். இவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் கவனமாகக் கேட்டார்கள். கடைசியில் சுலியானா, "ஐயோ பாவம், கர்த்தர்தான் காப்பாத்தியிருக்கார் அண்ணி," என்றாள். எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. ஃபூசி சிரிக்கவில்லை.

பிறகு மனுகாவில் பெரிய கடைவளாகம். ஊருக்கு வெறுங்கையோடு போகமுடியுமா? மாட்டிறைச்சி டப்பா பெட்டி பெட்டியாக, கம்பளி, பிளாஸ்டிக் வாளி, சபைக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பி என்று வாங்கிக் குவித்தார்கள். ஃபூசி ஒரு சிவப்புச் செருப்பை ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். அவ்வளவுதான், அடுத்த நிமிடம் அது பைக்குள் வந்துவிட்டது. அவள் காலுக்குச் சேராத அளவு. வேண்டாம் என்றால் அதற்கும் மன்னிப்புக் கேட்பார்கள். அதன் பிறகு அவள் எந்தப் பொருளையும் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டே நடந்தாள். நடந்துகொண்டே, இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று காத்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்கத் தீர்ந்துபோனது.

கிளம்பும் நேரத்தில் அவள் கழிவறைக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர்வலம் போல எல்லாரும் துணைக்குக் கிளம்புவார்கள். அதற்குள் வேன் மூட்டை முடிச்சுகளால் நிறைந்து, முன் இருக்கையிலும் கம்பளிகள் ஏறிவிட்டன. அத்தைக்கு இடமில்லை என்று காரில் உட்கார வைத்திருப்பார்கள் என மானாசேயும், பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் இருந்த லூபேயும் நினைத்தார்கள். அத்தை எப்போதும் போல வேனில் இருப்பாள் என்று காரில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அத்தை எங்கே என்று எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. இரண்டு வண்டியும் போய்விட்டன.

அவள் கைப்பை, போன் எல்லாம் வேனில். வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகிற சனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு ஒதுங்கி வழிவிடவில்லை. யாரோ ஒருத்தி தன் குழந்தையைப் பெஞ்சில் நிறுத்தி, ஒரு கையால் ஃபூசியின் தோளைப் பிடித்துக்கொண்டே அதற்குச் செருப்பு மாட்டிவிட்டுப் போனாள். நாள் முழுக்க அவளைத் தொட்டது அந்தக் கை ஒன்றுதான் என்றாள் ஃபூசி. அப்போதுதான் அழுகை வந்ததாம்.

வீட்டில் மூட்டைகளை இறக்கும்போதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. கெலெபி யாருக்கும் காத்திராமல் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவன் நடைபாதையில், அவள் காலடியில், தலையைக் குனிந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். இத்தனை பெரிய மனுஷன், வெறுங்கால்.

"எந்திரி கெலெபி. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க."

"மன்னிச்சேன்னு சொல்லுங்கக்கா. என்ன வேணும்னாலும் கேளுங்க. எதுவா இருந்தாலும் செய்யறேன்."

அவள் நாக்கு நுனியில் அது வந்து நின்றது. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மன்னிப்புக்குக் கூலியாக வாங்கினால் அது அழைப்பா? ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு என்றாள். அவன் ஓடிப்போய் இருப்பதிலேயே பெரியதாக வாங்கி வந்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

காரில் அவளுக்குப் பின் கதவைத் திறந்துவிட்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவர்கள் இருவர் மட்டும் ஒரே இடத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை. ரேடியோ போடவில்லை. கண்ணாடியில்கூட அவன் அவளைப் பார்க்கவில்லை. பாதி வழியில், சிக்னலில் நிற்கும்போது, தொண்டையைச் செருமினான்.

"வீட்ல மேக்கால ஒரு ரூம் கட்டியிருக்கேன்கா. காத்து நல்லா வரும். சும்மாத்தான் கெடக்குது."

ஃபூசி இருக்கையின் நுனிக்கு வந்தாள். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். சிக்னல் விழுந்தது, கார் நகர்ந்தது, அடுத்த வார்த்தை வரவில்லை. அவனை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. 'இல்லக்கா, இது உங்களுக்குத்தான்' என்று அவன் சொல்லட்டும் என்றுதான் இப்படிப் பேசினாள்.

"ஏன் சும்மா போடற? பெரிய பசங்க மூணு பேரும் கூடத்துல உருண்டுக்கிட்டுக் கெடக்கறாங்களே. அவங்களுக்குக் குடுத்துடு."

அவன் அடுத்த தெருவில் காரைத் திருப்பினான். பிறகு, "சரிங்கக்கா," என்றான்.

என் சமையலறையில் இதைச் சொல்லி முடித்துவிட்டு, "அவ்வளவுதான் செய்னி, அவனுக்கு நான் வேணாம்," என்றாள். நான் ஊற்றி வைத்த டீ ஆறிப்போயிருந்தது. நான் திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்கு வேலை. ஊரில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்ப நான் விமான நிலையத்துக்குப் போனேன். சுலியானா என்னைத் தனியாக ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"ராத்திரி பூரா இவர் தூங்கல. அக்கா வரமாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னு ஒரே அழுகை. அவங்களுக்குன்னே கட்டின ரூமுங்க அது. ஒரு பிள்ளைய உள்ள விடமாட்டார். தெனம் அவரே கூட்டுவார்."

"அப்ப வாங்கன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன். என் குரலுக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அக்காவைப் பார்த்து, இங்கே வா, அங்கே இரு என்று சொல்ல அவர் யார், எங்கே இருப்பது என்று முடிவு செய்வது அக்கா அல்லவா என்றாள். தூரத்தில் கெலெபி பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை.

ஃபூசி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வேலியைத் தாண்டிப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கையில் இருந்த சாவியைக் கீழே வைக்கக்கூட இல்லை. அவனேவா கூட்டுகிறான் என்று ஒரு கேள்விதான் கேட்டாள். ஆமாம் என்றேன். முகம் கழுவிவிட்டு வந்தாள், தலை வாரிக்கொண்டாள், போனில் பேசுவதற்கு எதற்குத் தலை வாரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் வீடு போய்ச் சேரும் நேரம் பார்த்துப் போன் செய்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

கெலெபி எடுத்தான். அவள் ஆரம்பிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். நேற்று ராத்திரியே பெரியவனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டானாம். கட்டில்கள் போட்டாகிவிட்டதாம், பையன்கள் மூன்று பேரும் குதியோ குதி என்று குதிக்கிறார்களாம். அத்தை கொடுத்தது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். "நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேன்கா," என்றான். பின்னால் பையன்கள் கத்திச் சிரிப்பது என் காதுவரை கேட்டது.

ஃபூசி என்னைப் பார்த்தாள். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடமே அந்தப் பிள்ளைகளைக் கூடத்துக்குத் துரத்திவிடுவான், மறு பேச்சே இருக்காது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நல்லதுப்பா," என்றாள். "நல்லா தூங்கட்டும் பசங்க."