கதவைத் திறக்காத அத்தான்

என் அக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். அக்கா அதே பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவள். வண்டியை எந்த மேடையில் நிறுத்த வேண்டும் என்று பகலெல்லாம் மைக்கில் சொல்வாள். செருப்பை எங்கே விட வேண்டும் என்று வீட்டில் மைக் இல்லாமல் சொல்வாள். இரண்டுக்கும் அத்தானின் பதில் ஒன்றுதான்: "சரிம்மா." வாங்க, போங்க என்று மரியாதை குறையாமல் ஆளை ஆட்டிவைப்பதில் என் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அத்தான் வேறு ஆள். வாய்க்குள் பாட்டு ஓடும். மூட்டையோடு ஓடிவருகிற யாருக்காவது வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் ஹார்ன் அடிக்கிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அந்த ஸ்டீயரிங்குக்குத்தான் ஆபத்து வந்தது. பணிமனையில் மேற்பார்வையாளர் வேலை காலியானது. வெயில் இல்லை, அலைச்சல் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். அக்கா முடிவு செய்துவிட்டாள். திங்கட்கிழமை மேனேஜரிடம் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். அத்தான் வழக்கம்போல "சரிம்மா" சொல்லிவிட்டு என்னிடம் வந்து புலம்பினார்.

"அந்த ரூம்ல ஜன்னல்கூடக் கிடையாது மாப்ளே."

"வேணாம்னு சொல்லிடுங்க."

பாம்பைக் கையில் பிடிக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

நான் வீடியோ கேம் செய்கிறவன். சுடுவது, துரத்துவது எதுவும் இல்லாத, சோதனை முயற்சி என்று நாங்களே சொல்லிக்கொள்கிற கேம்கள். சைக்கிள் கடை மாடியில் நானும் படம் வரைகிற என் நண்பனும் ஓர் அறையில் உட்கார்ந்து, உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம். அப்போது கையில் இருந்தது கீழ்ப்படிதலைப் பற்றிய கேம். திரையில் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு கதவு. ஒரு குரல் உத்தரவு போடும்: உட்காரு, அசையாதே, கதவைத் திறக்காதே. மனிதனாய்ப் பிறந்த எவனும் உடனே கதவைத் திறப்பான். குரல் திட்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டமே. குரலுக்கு அக்காவை அழைத்தோம். வசனம் எழுதித் தரவா என்று கேட்டதற்கு "எதுக்குடா?" என்றாள். ஒரே மூச்சில், தடங்கல் இல்லாமல் பேசி முடித்துவிட்டுப் போனாள்.

கேமே ஆடிப் பழகாத ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்கு முந்தின நாள் காலையில் அத்தானைக் கூப்பிட்டேன். ஆடுகிறவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தரக்கூடாது என்பது எங்கள் விதி.

"உட்காரு" என்றது குரல்.

"வீட்ல உக்காருங்கன்னு சொல்லுவா. இங்க ஏக வசனமா இருக்கே" என்றபடி அத்தான் உட்கார்ந்தார். திரையிலும் உட்கார்ந்தார். அப்புறம் அசையவே இல்லை.

டீ வந்தது. குடித்தார். நண்பன் போய் முகச்சவரம் செய்துகொண்டு வந்தான். அத்தான் அப்படியே இருந்தார். சொன்னபடி கேட்கிறவனுக்கு என்ன நடக்கும் என்று நாங்கள் எதுவுமே எழுதவில்லை. அப்படி ஒரு பிறவி இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"கேம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திடீரென்று முன்னால் குனிந்தார். "மாப்ளே, கதவுக்கு வெளிய யாரோ நிக்கறாங்க."

யாரும் இல்லை. கதவடியில் நண்பன் தப்பாகப் போட்டிருந்த நிழல் அது. எங்கள் விதிப்படி வாயைத் திறக்காமல் இருந்தோம். அத்தானால் பொறுக்க முடியவில்லை. "எவ்வளவு நேரம்தான் நிப்பாங்க, பாவம்" என்று முனகிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

"நான் என்ன சொன்னேன்? நீ என்ன பண்றே?" அக்காவின் குரல் அறையை அதிரவைத்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் கதவுக்கு அப்பால் அடுத்த அறை இருந்தது, அதிலும் ஒரு கதவு இருந்தது. திட்டு வாங்கியாகிவிட்டது, இனி என்ன என்று அதையும் திறந்தார். அடுத்த திட்டு. அதற்கடுத்த கதவு. அப்படியே போய்க்கொண்டிருந்தபோது குரல் மறுபடி "நான் என்ன சொன்னேன்?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தது.

அத்தான் கண்ணைத் திறந்தார். "தீந்துபோச்சா?"

"அவ்வளவுதான் பதிவு பண்ணினோம் அத்தான்."

"திட்டு தீந்துபோகுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா படியேறி வந்தாள். "என்னங்க, சாப்பாட்டுக்கு வர்றதில்லையா? இதுல என்ன அப்படிச் சிரிப்பு? நகருங்க, நான் பாக்கறேன்."

தன் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. உட்காரு என்றது, உட்கார்ந்தாள். அசையாதே என்றது. புருவம் ஏறியது. அதட்டல் இரண்டாம் முறை வந்ததும் கதவை ஓங்கித் திறந்தாள். குரல் பிடித்துக்கொண்டது. "நான் என்ன சொன்னேன்? உனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான்தான் சொல்லணும்."

அக்கா எழுந்துவிட்டாள். "சே, இவகூட எவன் குடித்தனம் பண்ணுவான்?"

கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"என்னங்க, நான் இப்படியா பேசறேன்?"

இல்லைம்மா என்று சொல்லிவிட்டால் போதும், மத்தியானச் சாப்பாடு நிம்மதியாக இறங்கும். அத்தானின் உதடு அதற்குத் தயாராவதைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார். நிறுத்தாமல், "அந்த வேலையும் வேணாம்மா. நான் வண்டியே ஓட்டறேன்" என்றார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"பயம்தான்."

"என்கிட்டயா?"

"வேற யார்கிட்ட?"

அக்கா அழுதாள். எனக்கு விவரம் தெரிந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அந்தக் குரலை அழிச்சுடு" என்றாள். கீழ்ப்படியாதே என்று ஊருக்கே சொல்லக் கிளம்பிய நான், மறுபேச்சில்லாமல் மவுஸைக் கையில் எடுத்தேன்.

"அழிக்காதே மாப்ளே. அந்தக் குரல் இருக்கட்டும், எனக்குப் பிடிக்கும்" என்றார் அத்தான்.

இரண்டு உத்தரவு. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அவர் சொல்றதைக் கேளு."