பார்வைப் புத்தகத்தில் ஒரு வரி

ஒரு பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்த நான் ஒரு வருஷம் முழுக்க உழைத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதற்காகத்தான் அப்படி உழைத்தேன். இதைச் சொல்ல இத்தனை காலம் வெட்கமாக இருந்தது. இப்போது எனக்கு மெமோ கொடுக்க யாரும் இல்லை, சொல்லிவிடலாம்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போயிருந்தார். நான் திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் ஓர் ஊரில், மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. தலைமை என்றால் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே கூடம், ஐந்து வகுப்பு, என்னோடு சேர்த்து மூன்று பேர். ஊரில் பாதி கரிசல்காட்டு விவசாயிகள், பாதி வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக்காரர்கள். எல்லாருக்கும் குடிக்க ஊருணித் தண்ணீர்தான். ஒரு கோடையில் ஊருணி வற்றிச் சேறாகி, வீட்டுக்கு ஒருவர் நரம்புச் சிலந்தி வந்து படுத்துவிட்டார்கள். காலைத் துளைத்துக்கொண்டு வெள்ளை நூல்போல அந்தப் புழு வெளியே வருவதைப் பார்த்ததும் எனக்கு இருந்த தைரியம் எல்லாம் போய்விட்டது. மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு போய், பாலவனத்தத்தில் என் அக்காவிடம் விட்டேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. "மழை பேஞ்சதும் கூட்டிக்கிறேன்க்கா" என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

மழை பெய்தது, ஊருணியும் நிறைந்தது. சிலந்தி மட்டும் போகவில்லை. நான் பள்ளிக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளும் இல்லை. மூன்று மாதம் என்று நினைத்தது ஒரு வருஷமாகிவிட்டது. அடுத்த ஜூனில் அவளுக்கு ஐந்து முடியும், ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். பாலவனத்தத்திலும் எங்கள் மிஷனுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அவள் பள்ளிப் படி ஏறும் அன்று நான் அங்கே டீச்சராக இருக்க வேண்டும். வேறு எதையும் நான் அந்த நாட்களில் ஜெபத்தில் கேட்டதில்லை.

எங்களுக்கு மாறுதல் எல்லாம் மே மாதத்தில்தான். சுற்றுவட்டாரக் கிராமத்து ஆசிரியர்களை எல்லாம் மிஷன் வளாகத்துக்கு வரவழைத்து மூன்று நாள் கூட்டம் நடக்கும். பள்ளிகளுக்கு மேனேஜராக இருந்த பாதிரியார் ஐயா கடைசி நாளில் ஒவ்வொருவரையாகக் கூப்பிடுவார். நான் போய் நின்று, பாலவனத்தத்துக்கு மாறுதல் வேண்டும் என்றேன். அவர் ஏப்ரலில் நடந்த ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுத் தாளைப் புரட்டினார்.

"பதினோரு பேர்ல ரெண்டு பேரு தேறியிருக்கான். இதை வச்சுக்கிட்டு மாறுதல் கேக்குறீகளே டீச்சர்? மொதல்ல ஸ்கூலை நிமித்துங்க. நிமித்திட்டு வாங்க, நானே ஆர்டர் போடுறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை முந்தானையில் முடிந்துகொண்டுதான் ஊருக்குத் திரும்பினேன்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே மற்ற இரண்டு பேரையும் வரச் சொல்லிவிட்டேன். ஒருவர் பதினெட்டு வருஷமாக அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்து வந்த சார். நெசவுத் தெருவில் பிறந்தவர். இன்னொருத்தி திருநெல்வேலிச் சீமையிலிருந்து அப்போதுதான் பயிற்சி முடித்து வந்த சின்ன டீச்சர். இரண்டு நாள் தரை மெழுகினோம். கொட்டாங்கச்சிக் கரியை ஊமத்தை இலைச் சாற்றில் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசினோம். மூன்றாம் நாள், நம்மில் ஒருவர் பாடம் நடத்த வேண்டும், மற்ற இருவரும் பிள்ளைகளாகத் தரையில் உட்கார வேண்டும் என்று சொன்னேன். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல காலம் போங்க. இந்த வயசுல என்னைய ஒன்னாம் வகுப்புப் பையனாக்கிட்டீக" என்று வேட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

சின்ன டீச்சர் ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டாள். சார் சிறுபிள்ளைபோலக் காலை ஆட்டிக்கொண்டு தெலுங்கில் "நீள்ளு" என்றார். அவள் விழித்தாள். தமிழில் சொல்லு என்றாள். "நாகு தெலீது" என்றார். தெரியாது என்று அர்த்தம். அவள் எதைக் கேட்டாலும் அதே பதில்தான். கடைசியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படிச் சொன்னா நான் என்ன செய்யட்டும் டீச்சர்?" என்று என்னைப் பார்த்தாள்.

சார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நானும் இப்பிடித்தாம்மா உக்காந்திருந்தேன். ஒன்னாம் வகுப்புல ரெண்டு வருசம். எங்க வாத்தியாரு மக்குன்னு எழுதியே வச்சிட்டாரு" என்றார். வகுப்பில் தெலுங்கு பேசுகிற பிள்ளையைக் கண்டால் முதலில் பிரம்பை எடுக்கிறவரும் இதே மனிதர்தான். அது அவருக்கே உறைத்ததுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சாருக்கு ஒன்றாம் வகுப்பு, சின்ன டீச்சருக்கு இரண்டும் மூன்றும், எனக்கு நான்கும் ஐந்தும். சார் எழுந்து போய்விட்டார். அந்தப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் என்றால் கல்யாண வீட்டில் முதல் தாம்பூலம் அவருக்குத்தான். ஒன்றாம் வகுப்புக்கு இறக்கினால் தெருவில் தலைகாட்ட முடியாது. மூன்று நாள் அவர் வரவில்லை. நான்காம் நாள் அவர் வீட்டுக்கே போனேன். தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"சார், எனக்கு என் பிள்ளைகிட்டப் போகணும். ஸ்கூல் நிமிர்ந்தாத்தான் ஐயா விடுவாக. நீங்க இல்லாம நிமிராது" என்றேன்.

அவர் நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தாயி. மக்குப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்ல என்னைய மாதிரி மக்கு வேற எங்க கெடைப்பான்?" என்று சட்டையைத் தேடினார்.

அந்த வருஷத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்கும். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று சாயந்திரமே மூவரில் ஒருவர் போய்விட வேண்டும். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, ராட்டை சுற்றச் சுற்ற வாய்ப்பாடு கேட்டேன். பருத்தி எடுப்புக் காலத்தில் ஏழு மணிக்கே மணியடித்து, காட்டுக்குப் போகும் முன் பாடத்தை முடித்தோம். சண்டைக் காலத்து நூல் பஞ்சத்தில் தறிகள் நின்ற நாட்கள் உண்டு. அன்றெல்லாம் வகுப்பு நிறைந்திருக்கும். நிறைந்த வகுப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன். அந்தப் பிள்ளைகள் காலையில் கஞ்சி குடிக்காமல் வந்தவர்கள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும். எனக்கு அப்போது எல்லாமே ஒரே கணக்குத்தான். இன்னொரு பையன் கூட்டல் கழித்தல் கற்றுக்கொண்டான் என்றால், என் மகள் எனக்கு இன்னொரு அடி பக்கத்தில் வந்தாள்.

அவளை அந்த வருஷம் மூன்று தடவைதான் பார்த்தேன். அருப்புக்கோட்டை வரை நடை, அங்கிருந்து, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸு. பாதி நாள் அது ஓடாது. கிறிஸ்துமஸுக்குப் பாவாடை தைத்துக்கொண்டு போக ஆசை. அளவுக்கு எங்கே போவது? ஒன்றாம் வகுப்பில் இருந்ததிலேயே சின்னப் பிள்ளையை நிற்க வைத்து அளந்தேன். சண்டைக் காலத்தில் அளந்து கொடுத்த கட்டுப்பாட்டுத் துணி, ஒரு சாண் கூட வீணாக்க முடியாது. போய் உடுத்திப் பார்த்தால் முழங்காலுக்கு மேலே நின்றது. அக்கா மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுத்தாள். மகள் அதற்குள் உள்ளே போய், வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, அக்காவின் பக்கம் போய் நின்றாள். நல்ல பழக்கம்தான், அக்கா நன்றாக வளர்த்திருக்கிறாள் என்று வாயால் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க அழுதேன்.

பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். அங்கே சார், தெலுங்கில் ஒரு வார்த்தை, தமிழில் ஒரு வார்த்தை என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் பிள்ளைகள் எழுந்து நின்று தமிழில் பதில் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்குக் கொடுத்தார், முக்கால்வாசிப் பேர் போட்டுவிட்டார்கள். "எப்படி அம்மா இதைச் செய்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அந்த இடத்தில்தான். மனிதர் நல்லவர், கேட்கிற மனதோடு நின்றார். ஐயா, நான் மாறுதலுக்குக் காத்திருக்கிறேன், நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தரை மெழுகியதிலிருந்து பருத்திக் காலத்து மணி வரை ஒன்று விடாமல் கால் மணி நேரம் பெருமை பேசினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, பார்வைப் புத்தகத்தை வாங்கி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினார். கையெழுத்துப் போடும் முன் கடைசியாக ஒரு வரி சேர்த்தார். பள்ளியின் நலனுக்காக இந்தத் தலைமை ஆசிரியையை எக்காரணம் கொண்டும் இங்கிருந்து மாற்றலாகாது.

இன்ஸ்பெக்டர் எழுதியதை நகல் எடுத்து மேனேஜருக்கு அனுப்புவது தலைமை ஆசிரியையின் வேலை. நகல் எழுத உட்கார்ந்தவள் கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். சார் எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும்.

"அந்த ஒரு வரிய விட்டுட்டு எழுதுங்கம்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

யாரும் பார்க்க மாட்டார்கள்தான். புத்தகம் எங்கள் அலமாரியில், சாவி என் இடுப்பில். ஆனாலும் எழுதினேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாம், பலரிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. என் வாழ்க்கையில் என்னைப் பற்றி ஒருவர் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி அனுப்பினேன். நிமிர்த்திவிட்டு வா என்று சொன்னவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்றும் நம்பினேன்.

ஏப்ரல் பரீட்சையில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். மே கூட்டத்தில் ஐயா என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். கடைசி நாளில் அவர் அறைக்குப் போனேன். மேஜை மேல் நான் எழுதி அனுப்பிய நகல் இருந்தது.

"உங்களை எடுத்துட்டு அந்த ஸ்கூலை நான் யாருகிட்ட குடுக்க? இன்ஸ்பெக்டரே எழுதிட்டாரே. நீங்களே உங்க கையால எழுதி அனுப்பியிருக்கீகளே."

"பிள்ளை ஜூன்ல ஸ்கூலுக்குப் போறா ஐயா. நிமித்திட்டு வான்னு சொன்னீக."

"சொன்னேன், இல்லைங்கலை. ரெண்டு வருசம் பொறுங்க. ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்பாக."

எல்லாரும் சொல்கிற பழமொழிதான், நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தானாக வளர்ந்துவிடும், அதுதானே ஐயா என் வயிற்றெரிச்சல் என்று கத்த வேண்டும்போல இருந்தது. சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேராகப் பாலவனத்தம் போனேன். சிலந்தியாவது ஒன்றாவது, தண்ணீரை நாலு தடவை வடிகட்டிக் காய்ச்சிக் கொடுத்துக்கொள்கிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் போனேன். அக்கா ஒன்றும் மறுக்கவில்லை. பிள்ளையின் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தாள். அங்கே நின்று, "அம்மா வரலையா?" என்று கேட்டாள். அவள் அம்மா என்றது அக்காவை. நான் பையோடு அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியைதான் விரலைப் பிடித்து மணலில் முதல் எழுத்தை எழுத வைக்க வேண்டும். அந்த வருஷம் பதினேழு பேர், அதுவரை அந்த ஊரில் அத்தனை பேர் சேர்ந்ததே இல்லை. சார் ஒவ்வொரு பிள்ளையாகப் பெருமையோடு கூட்டிவந்து என் முன்னால் உட்கார வைத்தார். பாலவனத்தத்திலும் அதே நேரத்துக்குத்தான் மணியடித்திருப்பார்கள்.

அங்கே என் மகளின் விரலைப் பிடித்த டீச்சரைப் பிற்பாடு மே கூட்டங்களில் பல தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறேன். அன்று என் பிள்ளை அழுதாளா, சிரித்தாளா, எந்தப் பாவாடை உடுத்தியிருந்தாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஞாபகம் இல்லையே என்றுதான் சொல்லியிருப்பார். அன்று நான் பதினேழு பிள்ளைகளின் விரலைப் பிடித்தேன், அவர்களில் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை.