ஸ்கந்தபுரத்தில் இறங்கிய பிளேனும் ஏரம்பரும்

ஏரம்பர் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் கிளிநொச்சிப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடிய உழவு மெஷின்களில் அவர் கை படாதது ஒன்றுமில்லை. சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுவார். சொன்னது பிழையாய்ப் போனதாகச் சரித்திரமே கிடையாது.

அறுபத்தோராம் ஆண்டு மாசி மாதம், வெட்டி முடிந்த வயலுக்குள் ஒரு சின்னப் பிளேன் வந்து குந்தியது. பலகையாலும் துணியாலும் அதைத் தன் வீட்டிலேயே கட்டியவர் கொழும்பு எஞ்சினியர் யோகநாதன். வேகத்தைக் குறைத்துத் தாழப் பறந்தபோது எஞ்சின் நின்றுபோனதாம். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரை அவர் கழற்றிப் பார்த்தார். பிறகு ஏரம்பரும் பார்த்தார். தூசியில்லை, அடைப்பில்லை.

"என்னண்ணை, உழவு மெஷினெண்டு நினைச்சியளோ?" என்று பக்கத்துக் காணிக்கார வீரகத்தி கேட்க, நின்ற சனமெல்லாம் சிரித்தது.

ஏரம்பருக்குச் சுள்ளென்று ஏறியது. "இதை எழுப்பாட்டி நான் இனி எந்த மெஷினிலையும் கை வையன்!" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியற்காலை, வயலில் பனிப்புகார் கலையுமுன் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார். பத்து நிமிடத்தில் இழுத்து இழுத்து நின்றது. ஆறவிட்டுத்தான் கழற்றவேண்டும் என்பது அவரே வைத்திருந்த சட்டம். அன்றைக்கு அதை மீறிக் காபரேற்றரில் கையை வைத்தார். முல்லைத்தீவு லொறியில் வரும் ஐஸ் மீனைத் தொட்டதுபோல் விறைத்தது! அவசரமாகக் கழற்றினார். காற்றுப் போகும் வழியில் வெள்ளை வெளேரென்று ஐஸ்.

"இந்த வெக்கை ஊரிலை ஐசோ?" என்றார் யோகநாதன்.

"ஈரக் காத்தை இழுக்குது. பெற்றோல் ஆவியாகேக்கை குளிருது. அதுதான் உறையுது. நேற்று நாங்கள் ஆறவிட்டு ஆறவிட்டு உருக்கிப்போட்டெல்லோ பார்த்தனாங்கள்!"

மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிப் புகைக்குழாயைச் சுற்றி ஒரு பெட்டி அடித்தார். அந்தச் சூடான காற்று எஞ்சினுக்குப் போக ஒரு குழாய், திறந்து மூட ஒரு தட்டு, தட்டை இழுக்கச் சைக்கிள் பிறேக் கம்பி. சூட்டுக் காற்றில் எஞ்சினின் பலம் குறையும். ஆகவே தேவைப்பட்டால் மட்டும் இழுக்கவேண்டும்.

"கம்பியை இழுக்க நீங்களும் வரவேணும்," என்றார் யோகநாதன்.

ஏரம்பர் மனைவியைப் பார்த்தார். "சனத்துக்கு முன்னாலை வாய் விடேக்கை என்னைக் கேட்டனீங்களோ? ஏறுங்கோ," என்றாள் கமலாசனி.

குளத்துக்கு மேலே போனதும், சோதித்துப் பார்க்க யோகநாதன் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் மறுபடியும் திணறியது. ஏரம்பர் கம்பியை இழுத்தார். எஞ்சின் இருமி, குலுங்கி, முன்னையைவிட மோசமாகியது.

"விடுங்கோ! விடுங்கோ!" என்று கத்தினார் யோகநாதன்.

"உருகின தண்ணியைக் குடிக்குது. குடிச்சு முடிக்கட்டும்!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். இருமல் குறைந்தது. பிறகு ஒரே சீரான முழக்கம்.

"இப்ப விடுங்கோவன், ஏரம்பர்."

"நிலத்திலை இறங்கின பிறகு பார்ப்பம்."

வயலில் இறங்கியதும் வீரகத்திதான் முதல் ஆளாக ஓடிவந்தான். ஏரம்பர் அப்போதுதான் கம்பியை விட்டார்.

"வீரகத்தி, பின்னேரம் உன்ரை உழவு மெஷினைக் கொண்டுவா. அது இருமுறது மேலை வரைக்கும் கேட்டுது."