சின்ன முயலுக்கு விரதம் இல்லை

தில்லியில் ஜனவரிக் குளிருக்குப் பயந்து பள்ளிக்கூடங்களை மூடிவிடுவார்கள். எட்டு வயதான என்னை வீட்டில் தனியாக விட முடியாமல், அம்மா துவாரகாவிலிருந்து மெட்ரோவில் தன் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். என் தோழிகளின் அம்மாக்கள் பேங்கில் வேலை பார்த்தார்கள். என் அம்மா தேள் விஷத்தில் வேலை பார்த்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

தேள் கொட்டினால் வலிக்கும் என்பதுதான் ஊருக்குத் தெரியும். அம்மா பார்த்தது வேறு. விஷம் ஏறியதும் அட்ரினலின் பொங்குகிறது, இன்சுலின் குறைந்துபோகிறது, ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரையெல்லாம் ரத்தத்தில் வந்து கொட்டுகிறது. "ரத்தம் பூரா சர்க்கரை இருக்கும், ஆனா உடம்பு பட்டினி கிடக்கும்டி" என்பாள். அந்த நேரத்தில் இன்சுலின் கொடுத்தால் பிழைக்குமா என்பதை ஆறு முயல்களை வைத்துப் பார்க்கவிருந்தாள்.

ஆறில் ஒன்று மற்றவற்றைவிடச் சின்னது. எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் கிளம்பும்போது அம்மா எல்லாக் கூண்டுகளிலிருந்தும் தீவனத்தை எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"நாளைக்கு ரத்தம் எடுக்கணும். இன்னிக்கு இதுங்களுக்கு விரதம். நீ ஜல்தி கிளம்பு."

விரதம் எனக்குத் தெரியும். சஷ்டிக்கு அம்மா இருப்பாள். குழந்தைகள் இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கு மட்டும் இட்லி உண்டு. அம்மா கை கழுவப் போன நேரத்தில், டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த சிவப்புக் கேரட்டைச் சின்ன முயலிடம் நீட்டினேன். என்னமாய்த் தின்றது!

மறுநாள் என்னை உள்ளே விடவில்லை. மத்தியானம் எட்டிப்பார்த்தபோது சின்னதின் கூண்டும் காலியாக இருந்தது. மெட்ரோவில் வீடு வரைக்கும் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா என்னை எதிரே நிறுத்தினாள். விஷம் போடுவதற்கு முன்னால் எடுத்த ரத்தத்திலேயே சின்ன முயலுக்குச் சர்க்கரை கூடுதலாக இருந்ததாம்.

"நீ ஏதாவது குடுத்தியாடி? திட்டமாட்டேன், சொல்லு."

பயந்தால் எனக்கு இந்திதான் முதலில் வரும். "நஹீம்மா... ஒண்ணும் குடுக்கல."

உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் கழித்துவிட்டு மற்ற ஐந்தையும் அம்மா நம்பியிருப்பாள். யார், எந்தெந்த முயலுக்கு, என்ன கொடுத்தார்கள் என்று தெரியாமல்போனதால் ஆறு உயிரும் வீண். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சஷ்டியும் இல்லை அன்று.

அடுத்த வாரம் புதிதாக ஆறு முயல்கள் வந்தன. நான் கைதட்டிக் குதித்தேன். "எல்லாமே நம்மளுதாம்மா?" என்று கேட்டேன். அம்மா என் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அவை எதற்காக வந்தன என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் டிபன் பாக்ஸைத் திறந்து கேரட்டை எடுத்துக்கொண்டு, அவற்றில் சின்னது எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.