பதினேழாம் எண் விலகிய விதம்

வேதியியல் மூன்றாம் ஆண்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பழைய பேரைச் சொன்னால் அவள் திரும்ப மாட்டாள். புதிய பேரைச் சொல்ல மற்றவர்களுக்கு நாக்கு எழாது. இந்தத் தகராறுக்கு ஆய்வகம் தன்னையறியாமல் ஒரு சமரசம் செய்து வைத்திருந்தது. அங்கே வருகைப்பதிவு எண்ணை வைத்துத்தான். "பதினேழு!" என்பார் லேப் அண்ணன். "உள்ளேன்" என்பாள். எண்ணுக்கு மீசையும் கிடையாது, கம்மலும் கிடையாது. நாளடைவில் கேன்டீன், நூலகம், பஸ் நிறுத்தம் எல்லா இடத்திலும் அவள் பதினேழுதான்.

மற்றபடி கல்லூரி அவளுக்கு ஓயாத வேலையாக இருந்தது. கழிப்பறை இரண்டு இருந்தும் இரண்டுக்குள்ளும் போக முடியாததால், காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள். பெயரையும் பாலினத்தையும் மாற்றக் கேட்டு ஆறு மாதத்தில் ஒன்பது மனு கொடுத்தாள். எட்டில் ஏதோ ஒரு தாள் குறைந்தது. ஒன்பதாவதில் எதுவுமே குறையாததால் ஆபீஸ் மேடம் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டார்.

மேடம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அந்தக் கல்லூரியில் முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், அகரவரிசைப்படி பட்டியல் போடுவார்கள். அதே வரிசைதான் எண். பெண்ணானவள் ஆண்கள் வரிசையில் கிடக்கலாமா? பதினேழிலிருந்து அவளைத் தூக்கி, பெண்கள் வரிசையில் நாற்பத்தொன்றில் வைத்தார். நடுவில் இருந்த இருபத்துநாலு பேரும் ஆளுக்கு ஒரு எண் முன்னால் நகர்ந்தார்கள். அன்று மாலை அவள் ஒரு கேக் துண்டு வாங்கித் தனியாகத் தின்றாள்.

செய்முறைத் தேர்வு மதிப்பெண்களை லேப் அண்ணன் அதற்கு முந்தைய வாரமே பழைய எண்களோடு அனுப்பிவிட்டிருந்தார். பேர் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. முடிவு ஒட்டப்பட்டபோது இருபத்தைந்து பேருக்கு அடுத்தவர் மதிப்பெண். பர்னரைப் பற்றவைக்கவே தெரியாத 'ஒட்டடைக்குச்சி' புதிய பதினேழாகி, அவளுடைய முப்பத்தெட்டை வாங்கியிருந்தான். "உழைப்புடா மச்சி, உழைப்பு" என்று வராந்தா முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான். எல்லாப் பாடத்திலும் முதலாக வரும் 'லீடர்' என்ற பெண்ணுக்கு நாற்பதுக்குப் பதினொன்று. லீடருக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

"மார்க்கைத் திருத்துங்களேன் மேடம்" என்று பதினேழு ஆபீசில் போய்க் கேட்டாள்.

"மார்க்கை மாத்த மேலிடத்துல கமிட்டி கூடணும். லிஸ்டை மாத்த நான் ஒருத்தி போதும்" என்றார் மேடம்.

துறைத்தலைவர் அவளை உட்காரவைத்து டீ கொடுத்தார். டீ வரும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு செமஸ்டர்தானேம்மா. பழைய லிஸ்டுக்கே போயிடுவோம். அப்புறம் நிதானமா மாத்திக்கலாம்."

"இதுதான் சார் கடைசி செமஸ்டர். இந்த லிஸ்டைப் பார்த்துத்தான் பட்டத்துல பேர் அடிப்பாங்க."

"அதுவும் வாஸ்தவம்தான்" என்றார் அவர், வருத்தத்தோடு. வருத்தப்படுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

வெளியே லீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "உன்னை நான் குத்தம் சொல்லவே மாட்டேன். ஆனா நீ மனசு வச்சா..."

எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அதுதான் அவளை அயர வைத்தது. கெட்டவனோடு சண்டை போட்டால் ராத்திரி தூக்கமாவது வரும். நல்லவர்கள் அவர்கள் பாட்டுக்கு நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

புதன்கிழமை ஆபீசில் லேப் அண்ணன்தான் ஆரம்பித்தார். "ஒன்பதாம் நம்பர் மூணு வருஷமா காலியாத்தானே கிடக்கு மேடம்? பதினேழையும் அப்படியே விட்டுட்டு, இவளைக் கடைசியில அறுபத்தொண்ணாப் போடுங்களேன். எல்லாரும் பழைய இடத்துக்கு வந்துடுவாங்க."

"ஒன்பது படிப்பை விட்டுட்டு ஓடினவன். விலகினா இடம் காலியா இருக்கலாம். மாறினா இருக்கக் கூடாது."

"அப்ப பதினேழும் விலகிட்டான்னு எழுதிக்குங்க மேடம்" என்றாள் அவள், அலுப்பில்.

அலுப்பில் சொன்னதை மேடம் விதியாக எடுத்துக்கொண்டார். முகமே மலர்ந்துவிட்டது. அதற்குப் படிவம் இருந்தது! பதினேழாம் எண் மாணவன் விலகல். அறுபத்தொன்றாம் எண் மாணவி சேர்க்கை. குறிப்பு: முந்தைய மதிப்பெண்களுக்குப் பதினேழைப் பார்க்கவும்.

விலகுகிறவன் முதலாண்டில் போட்ட கையெழுத்தையே போட வேண்டும். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தனின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் பழகுகிறவளைப்போல எழுதிப் பார்த்தாள்.

"வால் பத்தல" என்றார் மேடம். இரண்டாவது முறை வால் அதிகம். மூன்றாவதில் அந்தப் பையன் ஒருவழியாக வந்து சேர்ந்தான்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே மேடம்?"

"சொந்தக் காரணம்னு போடு. எல்லாரும் அதான் போடுவாங்க. அப்புறம், அப்பாவை நாளைக்கு வரச் சொல்லு. ரெண்டு படிவத்துக்கும் பெற்றோர் கையெழுத்து வேணும்."



அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் நிற்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. மகள் விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை உதவவில்லை. ஒன்பது மனுவில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. தினமும் போன் மட்டும் பண்ணுவார். "சாப்டாச்சா?" இரண்டு வருடம் முன்பு அதன் வாலில் இருந்த 'டா'வைக் கழற்றிவிட்டார்; 'மா'வை இன்னும் மாட்டவில்லை.

வியாழக்கிழமை மதியம், வேலைச் சட்டையோடு வந்தார். மேடம் நீட்டிய முதல் படிவத்தை, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"அப்ப அவன் படிப்பை விட்டுட்டானா?"

"ஆமாப்பா."

"நீ?"

"நான் படிக்கிறேம்பா."

"ம்." படிவத்தை இன்னொரு முறை பார்த்தார். "நல்லாப் படிச்சுட்டிருந்தான்" என்றார், மேடத்திடம். மேடம் கோப்பைப் பார்த்தார். "நல்ல மார்க்தான் சார்" என்றார்.

கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

இரண்டாவது படிவம் வந்தது. அறுபத்தொன்று. கடைசி வரியில் 'விண்ணப்பதாரர் எனது மகன் / மகள். பொருந்தாததை அடிக்கவும்' என்று அச்சடித்திருந்தது.

பேனா அந்த வரிக்கு மேலே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இவர் போடாவிட்டால் எல்லாம் பழைய பட்டியலுக்குத்தான் திரும்பும். அவள் சொல்லிச் சொல்லிக் களைத்த விஷயம்தான்.

"எழுத்து பொடிசா இருக்கு. கண்ணாடி கொண்டு வரல" என்றார் அப்பா. "நீயே அடிச்சுடு. நான் கீழ போட்டுடறேன்."

சட்டைப் பையில் கண்ணாடியின் காம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மேடம் அதைப் பார்த்தார்; பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

அவள் பேனாவை வாங்கி ஒரு கோடு இழுத்தாள். அப்பா தன் பேரை, பொடிசான கட்டத்துக்குள், வெளியே வழியாமல் எழுதினார்.