களைத்துப்போன டாங்கிகளும் என் மீசையும்

தங்கை கணவர் என்னை ஏமாற்றுகிறார் என்ற சந்தேகம் கிள்ளானில் அவர் வீட்டு ஹாலில்தான் பிறந்தது. ஆட்டுக்கறியைப் பிரித்து மேய்ந்துவிட்டு நான் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம் அது.

நாங்கள் ஆடுவது கணினியில் போர் விளையாட்டு. வரைபடம் முழுக்கக் கட்டங்கள், கட்டங்களில் படைகள், ஒவ்வொரு படையின் தலையிலும் அதன் பலத்தைச் சொல்லும் ஓர் எண். ஒரே கணினியில் மாறி மாறி ஆடுவோம். ஒருவர் ஆடும்போது மற்றவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

அன்று என் டாங்கிப் படை பத்து, எதிரே அவருடைய காலாட்படை நாலு. பத்து பெரிதா நாலு பெரிதா என்பது பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மோதினேன். என் பத்து மூன்றானது. அவர் நாலு நாலாகவே நின்றது.

"இது எப்படி மாப்ள?"

"போர்னா அப்படித்தான் மச்சான். பாயாசம் இன்னும் இருக்கு, கொண்டு வரவா?"

தப்பு செய்கிறவன்தான் இப்படி உபசரிப்பான். சுவரோரக் கண்ணாடி அலமாரியில் திரை பிரதிபலித்து அவருக்குத் தெரிகிறதோ என்று, கொடியில் காய்ந்த கைலியை எடுத்து அதன்மேல் போர்த்தினேன். தோற்றேன். அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து சொந்த மௌஸைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். அதிலும் தோற்றேன்.

பிறகு குடும்பமே கூடியிருந்த ஒரு விருந்தில் வாயைத் திறந்தேன். "மாப்ள கள்ளாட்டம் ஆடுறாரு. இல்லேன்னு தெரிஞ்சா என் மீசையை எடுத்துடறேன்!"

"அப்பா, ப்ளீஸ் லா," என்றாள் மகள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். "போட்டோல யாரோ அங்கிள் மாதிரி நிப்பீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கை கணவர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் என்னைத் திரைமுன் உட்காரவைத்து, என் டாங்கிப் படையைக் காட்டினார். "இதை எப்பவாச்சும் அழுத்திப் பார்த்திருக்கீங்களா?"

அழுத்தினேன். பலம் பத்து என்றது. அதற்குக் கீழே இன்னொரு வரி, சிவப்பில். செயல்திறன் இருபது சதவீதம்.

"பத்துல ரெண்டுதான் சண்டை போடும் மச்சான். மத்தது உட்கார்ந்து காலைப் பிடிச்சுக்கும். நீங்கதான் ஒவ்வொரு சுற்றும் ஓட விடுறீங்களே, டீசல் லோரி எப்படிப் பின்னாடியே வரும்? என் நாலு பேரு ஆத்தோரமா சும்மா உட்கார்ந்து தெம்பா இருந்தாங்க."

"அந்த சிவப்பு வரியை நீங்களே போட்டு வச்சிருந்தா?"

அவர் பெருமூச்சு விட்டார். "சரி. இன்னைக்கு ஓய்வு குடுத்து ஆடிப் பாருங்க."

கொடுத்தேன். படைகளை நகர்த்தாமல் சுற்றுக்குச் சுற்று காத்திருந்தேன். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. அவர் முறை வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பினேன். மேலே சுழலும் காற்றாடி, உள்ளே ஆட்டுக்கறி. தூங்கிப்போனேன்.

திடுக்கிட்டு விழித்தால் நாற்காலி காலி. மாட்டினார்! கட்டம் கட்டமாகத் தேடினேன். என் படைகளில் ஒன்றுகூட இம்மியும் நகரவில்லை. அவர் தன் முறையை முடித்துவிட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எழுப்ப வேணாம்னு சொன்னாருண்ணே," என்றாள் தங்கை. "படையோட நீங்களும் களைச்சிருக்கீங்களாம்."

மோதினேன். என் பச்சைப் பத்து அவர் நாலைத் துடைத்துப் போட்டது. ஜெயித்துவிட்டேன்! எழுந்து ஒரு குத்தாட்டம்கூடப் போட்டேன். பாதி ஆட்டத்தில்தான் உறைத்தது: நான் ஜெயித்தால் விளையாட்டு நேர்மையானது, விளையாட்டு நேர்மையென்றால் மாப்பிள்ளையும் நேர்மை.

மீசைமேல் கை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "மாப்ள, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொன்னது..."

அவர் குழாயை மூடினார். "பாதி எடுத்தாப் போதும் மச்சான்."

பாதி மீசையோடு நிற்க முடியாதென்று முழுதாகவே எடுத்தேன். அந்த வாரம் சிரித்தது அதே குடும்பம், இந்த முறை அவரும் சேர்ந்து. கல்யாண போட்டோவில் மகள் பக்கத்தில் யாரோ ஒரு அங்கிள் நிற்கிறார்.

இப்போதும் சனிக்கிழமை கிள்ளானுக்குப் போகிறேன், தூக்கம் வராதபடி ரெண்டே ரெண்டு இட்லியைக் கட்டிக்கொண்டு. ஆட்டம் உள்ள நாளில் மட்டும் அந்த வீட்டில் ஏன் ஆட்டுக்கறி என்று இன்னும் நான் கேட்கவில்லை.